மனசு வரட்டும் என்று படுத்திருந்த நாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி டவுட் கேட்க வீட்டுக்கு வந்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். எம்3 கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாளே தவிர ஒரு கணக்குகூடக் கேட்கவில்லை. கடைசியில் தலையைத் தூக்காமலே, "அக்கா, ரெண்டு மாசமா எனக்கு எதுவுமே புடிக்கலக்கா. குளிக்கக்கூட புடிக்கல. இது இன்னாக்கா?" என்றாள். எனக்கு அப்படியே கை சில்லிட்டுப் போனது. அந்தக் கேள்வியை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன். யாரிடமாவது கேட்கலாம் என்றே தோன்றவில்லை. அவள் கேட்டுவிட்டாள். டிப்ரஷன் என்கிற மனச்சோர்வு நோயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "இத எழுதிப் போடுக்கா, என் ஃப்ரெண்டு ஒருத்திக்கும் காட்டணும்" என்றாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் அவளைப் பற்றி இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் வடசென்னை, கொருக்குப்பேட்டை. மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம். 2021-ல் பிளஸ் டூ. அந்த வருஷம் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பு செய்முறை, இன்டர்னலிலிருந்து 30 என்று சதவீதக் கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். அதே வருஷம்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் வந்தது, ஃபீஸையும் அரசே கட்டியது. அப்பா கன்டெய்னர் லாரி டிரைவர், அம்மா எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடுகிற வேலை. எங்கள் குடித்தனங்களிலேயே முதல் இன்ஜினியர் நான்தான் என்று தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். முதல் நாள் வகுப்பில் ஒருவர், "நீங்கள்லாம் பரீட்சையே எழுதாம வந்த கொரோனா பேட்ச்தானே" என்று இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வாக்கியம் முழுசாகப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகு ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

மூன்றாவது செமஸ்டரில் மூன்று அரியர். அரியர் வந்ததால் நான் உடைந்துபோனேன் என்றுதான் வீட்டில் இன்றைக்கும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். ரிசல்ட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, செமஸ்டர் நடுவிலேயே, எனக்குள் ஏதோ அணைந்துபோயிருந்தது. ஒரே வரியை ஐந்து தடவை படிப்பேன், ஆறாவது தடவையும் அது புதுசாக இருக்கும். எழுத்து தெரியும், அர்த்தம் உள்ளே இறங்காது. அந்த நிலைமையில் பரீட்சைக்குப் போனால் என்ன வரும்? அரியர்தான் வரும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "அரியரை எழுதி முடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன், நோயைத் தொடாமல் அரியரைத் தொட்டுக்கொண்டே மாதங்கள் போனது.

டிப்ரஷன் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டு அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு படம் மனதில் இருக்கும். எங்கள் வீட்டில் சாத்திக்கொள்ளக் கதவு ஏது? ஒரு ரூம், ஒரு சின்ன கிச்சன், ஐந்து பேர். தம்பி டிவி பார்ப்பான், ஆயா வெற்றிலை இடிப்பார், கிச்சனில் மிக்ஸி ஓடும், அத்தனைக்கும் நடுவில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பேன். பகலில் தூங்கித் தூங்கி வழிவேன், விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அவ்வளவுதான், அதற்கப்புறம் கண் மூடாது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து அப்பா ஆசையாக வஞ்சிரம் வாங்கி வருவார், எனக்கு அது மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். அழுகைகூட வரவில்லை. அழுதிருந்தாலாவது அம்மாவுக்குப் புரிந்திருக்கும். நான் சும்மா இருந்தேன், அதனால் சோம்பேறி ஆனேன். "இன்னாடி, மணி பத்தாவுது, இன்னும் படுத்துனே கீற?" இதுதான் தினம் காலையில் என் காதில் விழுகிற முதல் பேச்சு.

தலைமுடி விஷயத்தைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மூன்று வாரம் சீப்பே வைக்கவில்லை. மேலாகக் கையால் கோதி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போய்விடுவேன். ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா என்னைப் பிடித்து வாசற்படியில் உட்காரவைத்து எண்ணெய் தடவி சிக்கெடுக்க ஆரம்பித்தார். பிடரிக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சடையாகிக் கிடந்தது. திட்டிக்கொண்டே நுனியிலிருந்து பிரித்துப் பார்த்தார், ஊக்கை விட்டு ஒவ்வொரு இழையாக எடுத்துப் பார்த்தார், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் திட்டுகிற சத்தம் நின்றுபோனது. கத்தரிக்கோலை எடுத்து அந்த முடிச்சை மட்டும் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்குத்தான் அம்மாவுக்கு இது சோம்பேறித்தனம் கிடையாது என்று சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன்.

சந்தேகம் வந்ததும் அம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். மசூதி வாசலில் சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் தண்ணி ஓதி வாங்கிக் கொடுத்தார். அம்மன் கோயிலில் வேப்பிலை அடித்தார்கள். ராயபுரத்தில் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் மதம் பார்ப்பதில்லை. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிப் பேச எனக்கு மனசு வராது. நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிற அம்மா, கிடைத்த ஒரு லீவு நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று இடம் ஏறி இறங்கினார், திரும்பும்போது டீயும் பன்னும் வாங்கித் தந்தார். அந்தக் கையின் சூடு எனக்கு நல்லது செய்தது. ஆனால் நோய்க்கு மருந்து வேறு இடத்தில் இருந்தது. வேண்டுதல் ஒரு பக்கம் நடக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

காலேஜுக்குப் போகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டு, திருவொற்றியூர் பக்கம் கடலோரத்தில் அலைக்கு அணையாகப் போட்ட கருங்கற்கள் மேல் போய் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், அதில் ஏதாவது ஒன்றில் அப்பா இருந்துவிடப் போகிறாரே என்று துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்வேன். அப்படி ஒரு நாள், நாளைக்கு விடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பை விட, அது வந்தபோது எனக்குப் பயமே வராததுதான் என்னைப் பயமுறுத்தியது. காலேஜ் நோட்டீஸ் போர்டில் பார்த்த 14416 ஞாபகம் இருந்தது. அடித்தேன். மனநலத்துக்கென்று 2022 அக்டோபரில் தொடங்கிய எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போனை எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவிட்டு, சுற்றி வளைக்காமல், "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். அவ்வளவு நேரடியாக யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தப்பு. எனக்கு அந்தக் கேள்வி, ரொம்ப நாளாகத் தலையில் சுமந்த மூட்டையை ஒருத்தர் கீழே இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன். சென்னையில் 1986-லிருந்து இருக்கிற சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இப்படிக் கேட்கிறவர்கள்தான், எண் 044-24640050. இரண்டையும் இப்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டாம் என்றாலும் பக்கத்தில் இருக்கிறவருக்கு வேண்டியிருக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்துகொண்டு வாயைத் திறக்காதவர்களுக்கும் ஒன்று: 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையே கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது. பேசினதற்கெல்லாம் யாரும் வந்து பிடிக்க மாட்டார்கள்.

போனில் பேசியவர் நேரில் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன், அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கீழ்ப்பாக்கத்துல சேத்துடுவாங்களா?" 1794-ல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம் ஊரில் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நானும் ஸ்கூலில் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று சொல்லியிருக்கிறேன், நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாங்கள் போனது ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு. ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டோம். வரிசையில் என் வயதுப் பிள்ளைகள் நிறைய பேர் இருந்தார்கள், யாரைப் பார்த்தாலும் பஸ்ஸில் பார்க்கிற முகம்தான்.

டாக்டர் ஒன்பது கேள்வி கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தாய், தூக்கம் எப்படி, பசி எப்படி, நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தோன்றியதா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, மொத்தம் 27. எனக்கு 19 வந்தது. மார்க் என்றாலே பயந்துபோயிருந்த எனக்கு, இந்த 19 மட்டும் நிம்மதியாக இருந்தது. இதற்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, நான் நடிக்கவில்லை. ரத்தம் எடுத்து ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்கள், ஏனென்றால் ரத்தசோகையோ தைராய்டு குறைவோ இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். எனக்கு ரத்தமும் குறைவாகத்தான் இருந்தது, அதற்குத் தனியாக இரும்புச்சத்து மாத்திரை. டிப்ரஷனுக்கு எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரை. நன்றாகத் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டும், உன் வயதில் ஆரம்ப வாரங்களில் கெட்ட எண்ணம் கூடினாலும் கூடலாம், அப்படி ஆனால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வா என்று அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். உண்மையிலேயே முதல் பத்து நாள் இட்லியைக் கண்டாலே குமட்டியது. அந்தப் பத்து நாளில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன், தயவுசெய்து நிறுத்தாதீர்கள், தாங்க முடியவில்லை என்றால் போய்ச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று கேட்டார். "மனசு வந்ததும் எழுந்துக்கலாம்னு படுத்திருக்கியா?" ஆமாம் என்றேன். "இந்த நோய்ல அது வராதும்மா. நீ எழுந்து ஒரு வேலையைச் செஞ்சு முடி, மனசு பின்னாடி மெதுவா வரும். சின்ன வேலை, தினம் ஒரே நேரம், முடிஞ்சா கூட ஒரு ஆளோட." இதற்கு பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர், 1970-களில் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்தெடுத்த வழி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது இன்னொரு அறிவுரையாகத்தான் பட்டது.

கீழ்வீட்டு அக்கா அதை விடவில்லை. எங்கள் வீட்டில் நான்கு குடித்தனத்துக்கும் சேர்த்துக் கீழே ஒரே அடி பம்பு, மெட்ரோ வாட்டர் விடியற்காலை நாலரை, ஐந்துக்கு வரும். "கண்ணு, எனக்குத் தோள்பட்ட புடிச்சிக்கிச்சி. நாளைலேர்ந்து எனக்கும் சேத்து நீ அடிச்சிக் குடு" என்றார். எனக்கு எப்படியும் மூன்று மணிக்கு முழிப்புதானே. முதல் நாள் அவர் வந்து கதவைத் தட்டவில்லை என்றால் போயிருக்கவே மாட்டேன். பம்பின் பிடி சில்லென்று இருந்தது, துரு கையில் ஒட்டியது. அடித்தால் வெறும் காற்றுதான், 'ஹக் ஹக்' என்று தொண்டை கட்டிய சத்தம். அக்கா ஒரு சொம்புத் தண்ணியை பம்பின் தலையில் ஊற்றி, "நிறுத்தாத, அடி, அடி" என்றார். இருபது அடி இருக்கும், திடீரென்று பிடி கனத்தது. அந்தக் கனம் வந்தால் தண்ணி ஏறிவிட்டது என்று அர்த்தம். முதலில் பழுப்பாக வந்ததை வாசலுக்கு விட்டு, அப்புறம் துணி கட்டிக் குடத்தில் பிடித்தோம். பச்சைக் குடம் எங்களுடையது, ஆரஞ்சு அக்காவுடையது. அன்றைக்கு நாலு குடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மிச்சத்தை இடது கையாலேயே அடித்தார். தோள்பட்டை வலி நிஜம்தான்.

இரண்டாவது வாரத்தில் எட்டுக் குடம். சந்தோஷமெல்லாம் ஒன்றும் வரவில்லை. வியர்வை வந்தது, அதனால் குளித்தேன். குளித்ததால் தலை வாரினேன். ஆறரைக்கு நாஷ்டா வயிற்றுக்குள் போனது. ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன், தண்ணி பிடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டிக் கூட்ஸ் ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அதை அவ்வளவு மாதமும் நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாத்திரையா, இரும்புச்சத்தா, பம்பா, எது வேலை செய்தது என்று தம்பி கேட்டான். எல்லாம் சேர்த்துத்தான். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நின்றிருக்குமா என்று சோதித்துப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

அரியர்களை அடுத்தடுத்த செமஸ்டர்களில் முடித்தேன். வீட்டில் படிக்க இடம் இல்லாததால் லைப்ரரிக்குப் போய்விடுவேன், 25 நிமிஷம் படிப்பு, வெளியே வந்து ஒரு நடை, மறுபடி 25. அவ்வளவுதான், அதில் பெரிய கதை இல்லை.

கதை நடுவில் ஒன்று இருக்கிறது. நன்றாக ஆனதும், 2023 நவம்பரில், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடரணும், நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கோ மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ என்று பயம். ஒரு வாரத்தில் தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி விட்டுவிட்டு வந்தது, காரணமே இல்லாமல் எரிச்சல். டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது, பம்பு முழுகிப்போனது, கட்டில் அடியில் வைத்திருந்த நோட்டெல்லாம் ஊறி உப்பிவிட்டது. நான் மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒன்பது நாள். ஆனால் இந்த முறை அது என்னவென்று எனக்குத் தெரியும். பத்தாவது நாள் அம்மாவே, "வா, ஸ்டான்லிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார். காய்ச்சலுக்கு டாக்டரிடம் கூப்பிடுகிற அதே குரல். அம்மா அந்த வார்த்தையைப் பயமில்லாமல் சொல்ல எட்டு மாதம் ஆகியிருந்தது.

கூட இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "பாசிட்டிவா இரு", "உன்ன விட கஷ்டப்படறவங்க எத்தனையோ பேரு" என்பதெல்லாம் எனக்குக் காதில் ஈயம் ஊற்றின மாதிரி இருந்தது, ஏனென்றால் கஷ்டப்படுகிற அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் நான் படுத்திருந்தேன். "பேஜாரா இருந்தா பீச்சுக்குப் போ" என்றவர்கள் பல பேர். "வா, நானும் வரேன்" என்றவர் ஒருத்தர்தான், அவர்தான் கதவைத் தட்டினவர்.

அந்தப் பெண்ணிடம் இரண்டு வாரம் தாண்டியும் இப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன், உனக்கு ரெண்டு மாதம் ஆகிவிட்டது என்றேன். செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள், அதனால் நேற்றும் கேட்டேன், நாளைக்கும் கேட்பேன். அவள் அம்மாவிடம் நான்தான் பேசினேன். மகளைப் பார்த்து, "எங்கிட்ட சொல்லக் கூடாதாடி" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேரும் ஸ்டான்லிக்குப் போகிறோம். ஏழரைக்குக் கிளம்பினால் கேட்டில் மாட்டினாலும் ஓ.பி. சீட்டு வாங்க நேரத்துக்குப் போய்விடலாம். ஆதார் எடுத்துக்கொள், தண்ணி பாட்டில் எடுத்துக்கொள், வெறும் வயிற்றில் வராதே என்று சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள். என்னிடம் கேட்டாயே, அதையே கேள் என்றேன்.